25 வெள்ளிக்கு ஓராண்டு யூடியூப் பிரீமியமா? வாங்காதீர்கள்

"யூடியூப் பிரீமியம், ஒரு வருஷம் 25 வெள்ளி, விளம்பரமே வராது, உங்க ஜிமெயிலுக்கே போட்டுத் தருவோம்." பழைய சாமான் விற்கும் செயலிகளிலும் டெலிகிராமிலும் இப்படி விளம்பரம் போடுகிறவர்களிடம் சிங்கப்பூரில் இருக்கும் நம் ஆட்கள் யாரும் வாங்கிவிடாதீர்கள். 25 வெள்ளி போவது சின்ன விஷயம். அதற்குப் பின்னால் வருவதுதான் தலைவலி.

எங்கள் வீட்டில் யூடியூப் ஓடுவது பெரும்பாலும் அம்மாவுக்காக. சொற்பொழிவில் முருகன் மயிலேறப் போகும் நேரத்தில் தொப்பை குறைக்கும் தூள் விற்க ஒருவர் வந்து நிற்பார். அம்மா ரிமோட்டை எங்கே வைத்தோம் என்று தேடுவதற்குள் அடுத்த விளம்பரம். முறைப்படி பிரீமியம் எடுத்தால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஆகும் காசில் அப்படி விளம்பரம் போட்ட ஒருவர் ஓராண்டுக்குத் தருகிறேன் என்றார். நன்றாகத் தமிழ் பேசினார், வார்த்தைக்கு வார்த்தை அண்ணே போட்டார். பேநவ்வில் பணம் போன கையோடு மின்னஞ்சலில் ஓர் அழைப்பு வந்தது. "ஏத்துக்கும்போது மட்டும் விபிஎன் போட்டு இந்தியான்னு காட்டுங்க அண்ணே, அப்புறம் தேவையில்ல" என்றார்.

அவர் விற்றது தனிச் சந்தா இல்லை, குடும்பத் திட்டத்தில் ஓர் இடம். இதை அவர் வாயே திறக்கவில்லை. கணக்கு இப்படி: இந்தியாவில் குடும்பத் திட்டத்துக்கு 2024 முதல் மாதம் 299 ரூபாய், நம் காசில் ஐந்து வெள்ளிக்கும் குறைவு. திட்டம் எடுத்தவர் இன்னும் 5 பேரைச் சேர்க்கலாம். ஆளுக்கு 25 என்றால் 125 வெள்ளி. ஓராண்டு முழுக்க ஒழுங்காகக் கட்டினாலும் லாபம்தான். முதல் மாத இலவசச் சலுகையோடு நிறுத்திவிட்டால் அத்தனையும் லாபம். என் விற்பனையாளர் இரண்டாவது ரகம் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் சுமார் ஒரு மாதத்தில் தொப்பைத் தூள்காரர் திரும்பி வந்துவிட்டார்.

கேட்டதற்கு, "ரினியூ ஆகல அண்ணே, வேற குரூப்ல போடுறேன்." போட்டார். அதுவும் கொஞ்ச நாள்தான். அடுத்த முறை பேச்சு மாறியது: "இனிமே இப்படி வேணாம், உங்க ஜிமெயில் பாஸ்வேர்டும் போனுக்கு வர்ற கோடும் குடுங்க, நேரா உங்க அக்கவுண்ட்லயே ஏத்திடுறேன்." வங்கிக் கணக்கு விவரம், மசேநிதிக் (மத்திய சேமநிதி) கடிதம், கடப்பிதழ் நகல் என்று நம் வாழ்க்கையே அந்த மின்னஞ்சலில்தானே கிடக்கிறது! முடியாது என்றேன். உடனே வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நேரடியாக ஏற்றும் கோப்பு, வந்தது. விளம்பரம் இல்லாத யூடியூப்பாம், பதிலுக்கு இலவசமாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2023-இல் இங்கே பலருடைய வங்கிப் பணத்தைத் துடைத்தெடுத்த மோசடிகள் இப்படித்தான் நடந்தன: பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைத்த ஏபிகே, திரையைப் படிக்கவும் இயக்கவும் விடும் 'அணுகல்தன்மை' அனுமதியை அது கேட்டது, பிறகு போனே அவர்கள் கையில். அதனால்தான் 2024 பிப்ரவரியில் கூகுள், நம் இணையப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து, குறுஞ்செய்தி படிக்கவும் திரையை இயக்கவும் அனுமதி கேட்கும் வெளிச்செயலிகளை பிளே புரொடெக்ட் (ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் கூகுளின் பாதுகாப்பு வசதி) தானாகவே தடுக்கும் ஏற்பாட்டை உலகிலேயே முதலில் சிங்கப்பூரில் தொடங்கியது. "அந்த பிளே புரொடெக்ட்ட ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க" என்று எவராவது சொன்னால் அதற்கு மேல் பேச்சே வேண்டாம். எனக்கும் அதையேதான் சொன்னார். நான் பதில் போடவில்லை. காசைத் திருப்பிக் கேட்டதும் என்னை பிளாக் செய்துவிட்டார்.

சரி, ஒழிந்தது என்று மனைவி முறைப்படி இங்கேயே குடும்பத் திட்டம் எடுத்தார். அம்மா சேர்ந்தார், மச்சான் சேர்ந்தார். என்னைச் சேர்க்க முடியவில்லை! கூகுளில் ஒருவர் 12 மாதத்துக்கு ஒருமுறைதான் ஒரு குடும்பக் குழுவிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம். என் ஒரே வாய்ப்பை அந்த ஆள் தன் இரண்டாவது குழுவில் செலவழித்துவிட்டார். எவரென்றே தெரியாதவர்களோடு நான் குடும்பம் நடத்தியதால் சொந்தக் குடும்பத்தில் இடமில்லை. போதாக்குறைக்கு, குழுவில் இருப்பவர்களுக்கு நம் பெயரும் படமும் மின்னஞ்சல் முகவரியும் தெரியும். இரண்டு குழுக்களில் இருந்த அத்தனை பேரிடமும் என் முகவரி இருக்கிறது.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போ என்றார் நண்பர். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளிதான். ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டுமே. என்னிடம் இருப்பது ஒரு புனைபெயரும் சூரியகாந்திப் பூப் படமும். போலீசில் புகார் மட்டும் கொடுத்து வைத்திருக்கிறேன். வாங்குவதற்கு முன்பே சந்தேகம் வந்தால் மோசடி பற்றிய உதவி எண்ணான 1799-ஐ அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

கணினியில் பார்ப்பவர்களுக்கு ஒன்று. யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் முழுக்க இலவசம், நன்கொடைகூடக் கேட்பதில்லை. அதை யாராவது காசுக்கு விற்றால் போலி. குரோமில் பழைய வடிவம் இப்போது ஓடாது, ஃபயர்ஃபாக்ஸில் ஓடுகிறது. தடுப்பான்கள் தன் விதிக்கு எதிரானவை என்று யூடியூப் சொல்கிறது, அது உங்கள் முடிவு. தொலைக்காட்சியில் இது உதவாது. பிரீமியம் எடுத்தாலும், பேசுகிறவரே நடுவில் செக்கு எண்ணெய் விற்றால் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஏற்கெனவே இப்படி வாங்கி முதல் குழுவில் இருப்பவர்கள், கூகுள் கணக்கில் குடும்பக் குழுப் பக்கத்துக்குப் போய் இன்றே வெளியேறுங்கள். மாற்றாக வேறு அழைப்பு அனுப்புகிறேன் என்பார், ஏற்காதீர்கள். மிச்சமிருக்கும் அந்த ஒரு மாற்றம் உங்கள் வீட்டுக் குழுவுக்குத் தேவைப்படும்.