வெப்பநிலைக்கு எந்த கிராஃப்: பட்டையா, கோடா, வண்ணக் கீற்றா?

பாளையங்கோட்டைப் பக்கம் பள்ளிக்கூடங்களில் அறிவியல் கண்காட்சி என்றாலே ஏதாவது ஒரு மேசையில் புவி வெப்பமயமாதல் நிச்சயம். தெர்மாகோலில் காய்ச்சல் வந்த பூமி, அதன் வாயில் தெர்மாமீட்டர், பின்னால் சார்ட் அட்டையில் ஒரு கிராஃப். பூமி உருண்டையை விட்டுவிடுவோம், பிள்ளைகள் ஆசையாகச் செய்தது. வம்பு அந்த கிராஃபில்தான். எண்கள் எல்லாம் சரியாகவே இருக்கும், ஆனால் பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, இல்லையென்றால் இல்லாத ஒன்று தெரியும்.

அதிகம் கண்ணில் படுவது பட்டை வரைபடம். ஸ்கெட்ச் பேனாவில் நிரப்பச் சுலபம், தூரத்திலிருந்தும் பளிச்சென்று தெரியும். மழைக்கு இதைவிட நல்லது கிடையாது. மழையில் பூஜ்யம் என்றால் நிஜமாகவே ஒரு சொட்டு இல்லை, 20 செ.மீ. என்றால் 10 செ.மீ. போல இரண்டு பங்குதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாள் கணக்கில் கொட்டிய சுமார் 95 செ.மீ. மழையைப் பட்டையாகப் போட்டால் அட்டையைத் தாண்டிப் போகும், போகவும் வேண்டும். வெப்பநிலைக்கு அந்தக் கதை செல்லாது. 0 டிகிரி செல்சியஸ் தண்ணீர் உறையும் இடம், அவ்வளவுதான். அதற்காக 30 டிகிரி, 15 டிகிரியைப் போல இரண்டு மடங்கு சூடு என்று ஆகிவிடாது. பூஜ்யத்திலிருந்து பட்டை எழுப்பினால் 28-ம் 29-ம் அண்ணன் தம்பி உயரத்தில் நிற்கும். சரி, 27-லிருந்து ஆரம்பிப்போம் என்று அடியை வெட்டினாலோ 29-ன் பட்டை 28-ன் பட்டையைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடும். இரண்டுமே ஏமாற்று, இரண்டாவது கொஞ்சம் கூடுதல்.

கோட்டில் இந்தத் தொல்லை இல்லை. கண் அங்கே உயரத்தை அளக்காமல் சரிவைப் பின்தொடர்கிறது, அதனால் அச்சு பூஜ்யத்தில் தொடங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கோட்டின் அருமை தெரிய கீலிங் வளைவைப் பார்க்க வேண்டும். சார்லஸ் கீலிங் 1958-ல் ஹவாயின் மௌனா லோவா மலையில் கார்பன் டை ஆக்சைடை அளக்க ஆரம்பித்தபோது அது 315 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) பக்கம் இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. வருஷா வருஷம் அந்தக் கோடு ஒருமுறை ஏறி இறங்கும், ஏனென்றால் வட அரைக்கோளத்துச் செடிகொடிகள் கோடையில் வாயுவை இழுத்துக்கொள்கின்றன, குளிர்காலத்தில் வளர்ச்சி நிற்க, மக்கும் இலைதழையிலிருந்து அது திரும்ப வெளியே வருகிறது. பூமி மூச்சு விடுவதும், அதோடு மொத்தமும் மேலே நகர்வதும் ஒரே கோட்டில் தெரிகிறது. மாசத்துக்கு ஒரு பட்டை என்று அடுக்கிப் பாருங்கள், இதில் ஒன்றும் மிஞ்சாது.

கோட்டிலும் தில்லுமுல்லு செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். 2015-ல் அமெரிக்காவின் நேஷனல் ரிவியூ பத்திரிகை உலக வெப்பநிலையை ஒரு கிராஃபாக ட்விட்டரில் போட்டது. ஒய் அச்சு மைனஸ் 10-லிருந்து 110 ஃபாரன்ஹீட் வரை. கோடு தரையில் விட்ட நூலாகக் கிடந்தது. இன்னொரு வித்தை 1998-ல் ஆரம்பிப்பது. அது பலத்த எல் நினோ வருஷம், அதாவது பசிபிக் கடல் சூடேறி உலகச் சராசரியையும் தற்காலிகமாகத் தூக்கிவிட்ட வருஷம், அந்த உச்சியிலிருந்து தொடங்கினால் அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷம் பூமி சூடாகவே இல்லை என்று பேசலாம், பேசினார்கள்.

பட்டையா கோடா என்பதைவிட முக்கியமான கேள்வி, எதை வரைகிறோம் என்பது. நம்மூரில் அக்னி நட்சத்திரத்துக்கும் மார்கழிக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று உங்களுக்கே தெரியும். பாளையங்கோட்டைக்கும் மலை மேல் இருக்கும் மாஞ்சோலைக்கும் உள்ள வித்தியாசம் சொல்லவே வேண்டாம். நூறு வருஷ மாற்றமோ ஒரு டிகிரி சுமாருக்கு. நேரடி வெப்பநிலையை வரைந்தால் அந்த ஒரு டிகிரி காணாமல் போய்விடும். அதிலும் மலை மேல் இருக்கும் வானிலை நிலையம் ஒன்றை நடுவில் மூடிவிட்டால் மாவட்டச் சராசரி தானாக ஏறிக்கொள்ளும். அதனால்தான் ஒவ்வொரு நிலையத்தையும் அதன் சொந்தச் சராசரியோடு ஒப்பிட்டு, விலகலை மட்டும் வரைகிறார்கள். விலகல் என்று வந்துவிட்டால் பட்டை வரைபடத்தைக்கூட மன்னிக்கலாம், பூஜ்யத்துக்கு அர்த்தம் வந்துவிடுகிறதே.

ஆனால் எந்தக் காலத்துச் சராசரி? 2024-ஐ எடுங்கள். உலக வானிலை அமைப்பு 1850-1900 சராசரியைவிட 1.55 டிகிரி அதிகம் என்றது. நாசா 1951-1980-ஐ வைத்து 1.28 என்றது. இந்திய வானிலைத் துறை இந்தியாவுக்கு மட்டும், 1991-2020-ஐ வைத்து, 0.65 என்றது. மூன்றுமே சரி. மூன்றையும் ஒரே அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் மட்டும் தப்பு.

அடுத்தது வண்ணக் கீற்று. ரீடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் 2018-ல் பிரபலமாக்கியது: வருஷத்துக்கு ஒரு செங்குத்துக் கோடு, குளிர்ந்த வருஷம் நீலம், சூடான வருஷம் சிவப்பு, எண்ணும் கிடையாது அச்சும் கிடையாது. ஒரு கண்காட்சியில் இதைப் பார்த்த தாத்தா பேரனிடம், "என்னல, பத்தமடைப் பாயைச் சுவத்துல மாட்டி வச்சிருக்க?" என்றார். கேட்டபடியே கிட்ட வந்து, சிவப்பு முழுக்க ஏன் வலது பக்கமே இருக்கிறது என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டார். கோட்டு வரைபடத்தின் முன்னால் அவர் நின்றிருக்கவே மாட்டார். எவ்வளவு கூடியது என்று கேட்டால் கீற்றிடம் பதில் கிடையாது, அது அதன் குறை.

இதே ஹாக்கின்ஸ் உலக வெப்பநிலையை வருஷத்துக்கு ஒரு சுற்றாக வரைந்து 2016-ல் செய்த சுழல் படம் ரியோ ஒலிம்பிக் தொடக்க விழா வரைக்கும் போனது. திரையில் அது சுற்றிக்கொண்டே விரிவதைப் பார்க்க ஜோராக இருக்கும். அச்சடித்து ஒட்டினால் நூல்கண்டு. எந்த வருஷம் எங்கே என்று தேடவே முடியாது. அட்டைக்கு வேண்டாம்.

என்னைக் கேட்டால் மேலே கண்ணை இழுக்கக் கீற்று, கீழே அதே வருஷங்களுக்கு நேராக விலகல் கோடு, மூலையில் எந்த வருஷங்களின் சராசரி என்று ஒரு வரி. கோட்டில் ஒவ்வொரு வருஷத்துக்கும் சின்னப் புள்ளி, அதன் மேல் பத்து வருஷ நகரும் சராசரி (பத்துப் பத்து வருஷமாகச் சராசரி எடுத்து, ஒவ்வொரு வருஷமாக நகர்த்திக்கொண்டே போவது) தடிமனாக. கிராஃப் பேப்பர் போதும், எக்ஸெல் தேவையில்லை. நடுவில் பதிவு இல்லாத வருஷம் வந்தால் கோட்டை அங்கே விட்டுவிட்டு அடுத்த வருஷத்தில் தொடருங்கள், கீற்றில் அந்த இடத்துக்குச் சாம்பல் நிறம். நடுவர் அங்கேதான் முதலில் விரலை வைப்பார், வைக்கட்டும்.