ஒரே மைக்கா, தனித்தனி ட்ராக்கா?

குடும்பமாகப் பாட்டைப் பதிவுசெய்யும்போது எல்லோரும் ஒரே மைக் முன் சேர்ந்து பாடுவதா, ஒவ்வொருவரும் தனித்தனி ட்ராக்கில் பதிந்து பிறகு ஒன்றுசேர்ப்பதா? அமெரிக்க நாட்டுப்புற இசைக் குழுவான கார்ட்டர் குடும்பம் 1927 ஆகஸ்டில், டென்னசியின் பிரிஸ்டல் நகரில் விக்டர் இசைத்தட்டு கம்பெனிக்காக ஆறு பாடல்களைப் பதிவுசெய்தது. ஏ.பி. கார்ட்டர், மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல் மூவரும் ஒரே அறையில் சேர்ந்து பாட, பாட்டு நேராக மெழுகுத் தட்டில் பதிந்தது. யாராவது தடுமாறினால் முதலிலிருந்துதான்.

தனித்தனி ட்ராக்கில் அந்தத் தொல்லை இல்லை. அண்ணன் இன்று கிட்டார் வாசிக்கலாம், தங்கை அடுத்த வாரம் வந்து பாடலாம். தப்பாய்ப் போன வரியை மட்டும் திருத்தலாம். ஆளுக்கொரு ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு இதுதான் சௌகரியம்.

ஆனாலும் நாட்டுப்புற இசைக்கு நான் ஒரே அறையைத்தான் சொல்வேன். மேபெல் கட்டைவிரலால் கிட்டாரின் தடித்த கம்பிகளில் மெட்டை வாசித்துக்கொண்டே, இன்னொரு விரலால் மெல்லிய கம்பிகளை வருடித் தாளமும் கொடுப்பார். எவ்வளவு அழகான கைவேலை! இப்படி வாசிப்பவர் பக்கத்தில் இருந்தால், பாடுகிறவர் ஒரு சொல்லை இழுக்கும்போது கிட்டாரும் கூடவே காத்திருக்கும். தனியாகப் பதியும்போது காதில் மெட்ரோனோம், அதாவது சீராகத் தாளம் தட்டும் கருவி, ஓடிக்கொண்டிருந்தால் அந்த நெகிழ்வு வராது.

வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு மைக் வைப்பதும் உண்டு. சரி, ஆனால் ஒருவர் மைக்கில் அடுத்தவர் குரலும் விழும். அப்புறம் ஒரு குரலை மட்டும் திருத்துவது கஷ்டம்.