செயற்கைக்கோளை இழுப்பது யார்: காற்றா, பிளாஸ்மாவா?

தாழ் வட்டப்பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் மெல்ல மெல்லக் கீழே இறங்கக் காற்றின் உராய்வுதான் காரணம் என்று படித்திருப்போம். சரிதான். ஆனால் அந்த உயரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெடுப்பதால் உண்டாகும் பிளாஸ்மா. இரண்டில் யாருக்குப் பலம் அதிகம்?

முதலில் எண்ணிக்கை. 300 கி.மீ. உயரத்தில், பகலில், ஒரு கன சென்டிமீட்டரில் ஏறக்குறைய 10 லட்சம் அயனிகள், அதாவது எலெக்ட்ரானை இழந்த அணுக்கள், இருக்கும். அதே இடத்தில் மின்னூட்டமில்லாத அணுக்கள் சுமார் 100 கோடி. ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கு.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். எலெக்ட்ரான்கள் செயற்கைக்கோளைவிடப் பல மடங்கு வேகமாக ஓடுபவை. எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து மோதி அதற்கு எதிர் மின்னூட்டம் ஏற்றிவிடுகின்றன. அப்படியானால் அது சுற்றியுள்ள நேர் அயனிகளை வளைத்து இழுத்து, இழுவையைப் பெருக்கிக்கொள்ளாதா? இழுக்கும், ஆனால் மிகக் கொஞ்சமாக. சாதாரணமாக ஏறும் மின்னழுத்தம் 1 வோல்ட் அளவுதான். நொடிக்கு ஏழரை கி.மீ. வேகத்தில் எதிர்ப்படும் ஆக்சிஜன் அயனியின் ஆற்றலோ 5 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குப் பக்கம், அதாவது அதைத் தடுத்து நிறுத்த 5 வோல்ட் அளவு வேண்டும். அதன் பாதை லேசாகத்தான் வளையும். மின்புலமும் மில்லிமீட்டர், சென்டிமீட்டர் தூரத்திலேயே பிளாஸ்மாவால் மறைக்கப்பட்டுவிடும்.

ஆக இந்த உயரத்தில் காற்றுக்கே வெற்றி. 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை, சூரியனிலிருந்து வரும் மின்துகள்கள் பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கும் புவிகாந்தப் புயல் ஒன்றில் வீழ்ந்தன. புயல் என்றதும் மின்துகள்களையே சந்தேகிப்போம். ஆனால் புயல் வளிமண்டலத்தைச் சூடாக்கி உப்பவைத்தது. அடர்த்தி கூடிய சாதாரணக் காற்றுதான் அவற்றை இழுத்தது.

மேலே போகப் போகக் காற்று வேகமாக மெலிகிறது, பிளாஸ்மா அவ்வளவு சீக்கிரம் மெலிவதில்லை. 1,000 கி.மீ.க்கு மேல் கணக்கு மாறத் தொடங்கும். தாழ் வட்டப்பாதையையும் தாண்டி, சுமார் 5,900 கி.மீ. உயரத்தில் 1976 முதல் சுற்றும் லேஜியோஸ் என்ற செயற்கைக்கோள், நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இறங்குவது தெரியவந்தபோது, அயனி இழுவையும் காரணங்களில் ஒன்றாக ஆராயப்பட்டது. பெரும்பங்கு அதன் மேற்பரப்பிலிருந்து வெளியேறும் வெப்பக் கதிர்வீச்சுக்கு என்றாலும், மிச்சத்தில் பிளாஸ்மாவுக்கும் இடமிருக்கிறது.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி: அயனி இழுவையைக் கொண்டே செயற்கைக்கோளைக் கீழே இறக்கும் பிளாஸ்மா பிரேக். செயற்கைக்கோளிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய கம்பியை நீளமாகத் தொங்கவிட்டு, அதற்கு மைனஸ் 1,000 வோல்ட் கொடுக்க வேண்டும். 5 எலெக்ட்ரான் வோல்ட் அயனியால் இதைப் பொருட்படுத்தாமல் போக முடியாது. காற்றுக்கு அந்தக் கம்பி கிட்டத்தட்ட இல்லாத பொருள். அயனிகளுக்கோ சில மீட்டர் அகலத் தடை. ஆயுள் முடிந்த செயற்கைக்கோளை இறக்க, 500 கி.மீ.க்குக் கீழே நான் காற்றை நம்பும் இழுவைப் பாயையே எடுப்பேன். 800 கி.மீ.யில் பாய்க்குப் பிடிக்கக் காற்று போதாது, அங்கே கம்பிதான். மின்சாரம் வேண்டும், நுண்கற்கள் அறுத்துவிடாதபடி பல இழையாகப் பின்ன வேண்டும். விரிப்பதும் லேசில்லை: 2013-இல் எஸ்டோனியா அனுப்பிய எஸ்ட்கியூப்-1 என்ற சிறு செயற்கைக்கோள் தன் கம்பியைச் சுருளிலிருந்து வெளியே விடவே முடியாமல் போனது.