வாரத் தலைப்புப் படங்களுக்குக் கருத்து: மார்க்கா, வாட்ஸ்அப்பா, மேஜையில் பிரின்ட்டா?

மதுரையில் நாங்கள் ஏழு பேர். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் அண்ணன், பள்ளி டீச்சர் ஒருவர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஐயா, பல் மருத்துவராக இருக்கும் அக்கா, இரண்டு தம்பிகள், நான். யாருக்கும் படம் எடுப்பது தொழில் கிடையாது. திங்கள் காலை ஒரு தலைப்பு, சனி இரவுக்குள் ஆளுக்கு ஒரு படம். 'நிழல்', 'கை', 'படிக்கட்டு', 'ஒரே நிறம்' என்று இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது.

தலைப்பு வைப்பதிலோ படம் எடுப்பதிலோ எங்களுக்குள் சிக்கல் வந்ததில்லை. எடுத்த படத்தைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதைத்தான் திரும்பத் திரும்ப மாற்றினோம். முதலில் மார்க் போட்டோம். பிறகு வாட்ஸ்அப்பில் எழுதினோம். நடுவில் கொஞ்ச நாள் வாய்ஸ் நோட். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை நேரில் உட்கார்ந்து, பிரின்ட்டை மேஜையில் வைத்துப் பேசுகிறோம். நான் இந்தக் கடைசி முறையின் பக்கம்தான். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வாராந்திரக் குழு இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு எங்கள் அனுபவம் கொஞ்சம் உதவலாம்.

மார்க் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்துக்கு எத்தனை என்று ஆளுக்கொரு எண், கூட்டினால் அந்த வார வெற்றியாளர். சலூன் என்று சொல்லும் புகைப்படக் கண்காட்சிப் போட்டிகளுக்கு அனுப்புகிறவர்களுக்கு இது பழகின விஷயம். அங்கே நடுவர்கள் ஒரு படத்தைச் சில விநாடிகள்தான் பார்ப்பார்கள். மார்க்கைக் கூட்டி, கட் ஆஃப் தாண்டினால் அக்செப்டன்ஸ், அதாவது படம் கண்காட்சிக்குத் தேர்வு. சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு தரும் ஏ.எஃப்.ஐ.ஏ.பி. மாதிரிப் பட்டங்களுக்கு அந்த அக்செப்டன்ஸ் கணக்கு வேண்டும். குவிந்து கிடக்கும் படங்களிலிருந்து பிரித்தெடுக்க அந்த முறை சரி. ஏழு படத்துக்கு எதற்கு? ஆறரை வாங்கிய படத்தில் என்ன குறை என்று அந்த எண்ணுக்குள் எதுவும் இல்லை. மூன்றாம் மாதமே இன்னொன்றும் நடந்தது: எது மார்க் வாங்கும் என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது. தலைப்பு எதுவானாலும் மாரியம்மன் தெப்பக்குளத்தில் அந்தி வெளிச்சமும் தண்ணீரில் மைய மண்டபத்தின் பிம்பமும் வர ஆரம்பித்தன. நிறுத்திவிட்டோம்.

வாட்ஸ்அப்பில் எழுதுவது நல்ல முறை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கூச்சப்படுகிறவர்கள் எழுத்தில் தைரியமாகச் சொல்வார்கள். எங்கள் டீச்சர் நேரில் ஒரு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார், எழுதினால் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதிலிருந்து ஆரம்பித்துப் பத்து வரி வரும். எழுதியது அழியாமல் இருக்கும், ஆறு மாதம் கழித்துத் திரும்பப் படிக்கலாம். இரவு பதினொரு மணிக்கும் எழுதலாம்.

இதில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படத்தைப் படமாகவே அனுப்பினால், சாதாரணத் தரத்தில் நீளப் பக்கம் ஏறக்குறைய 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். 6000-க்கு 4000 எடுக்கும் கேமராவின் படம் அப்படிப் போனால், "ஷார்ப்பா இல்லையே" என்று வரும் கருத்துக்கு அர்த்தமே கிடையாது. 2023-இல் வந்த ஹெச்.டி. தேர்வில் கொஞ்சம் பரவாயில்லை. டாக்குமென்ட்டாக அனுப்பினால் ஒரிஜினல் அப்படியே போகும், ஷட்டர் ஸ்பீடு, ஐ.எஸ்.ஓ. மாதிரி கேமரா பதிந்த விவரங்களும் கூடவே வரும். சாதாரணமாக அனுப்பினால் அந்த விவரங்கள் கழன்றுவிடும்.

வாய்ஸ் நோட் எங்களுக்குச் சரிப்படவில்லை. குரலில் கனிவு இருக்கும், அது உண்மை. ஆனால் "அந்த மூலையில இருக்கிறது கொஞ்சம் இடிக்குது" என்று நாலு நிமிஷம் பேசினால், எந்த மூலை என்று தேடுவதற்குள் பேச்சு அடுத்த இடத்துக்குப் போய்விடும். ஆறு வாரத்தில் விட்டுவிட்டோம்.

இந்த எல்லா முறைகளுக்கும் நடுவே எது உண்மையிலேயே வித்தியாசம் செய்கிறது என்பது எனக்கு ஒரு நீல டிரம்மால் தெரிந்தது.

தலைப்பு 'காத்திருப்பு'. விடியற்காலையில் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் ஒரு அம்மா தேனி பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சப்பை, அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற சாப்பாட்டுத் தூக்கு. பேச்சுக் கொடுத்தேன். மகளுக்குப் பிரசவ நேரம், ராத்திரி பூராத் தூங்கவில்லை என்றார். கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். குழுவில் படத்தைப் போட்டு, கீழே இந்தக் கதையை நாலு வரியில் எழுதினேன். "கண்ணு கலங்கிடுச்சு தம்பி", "முகத்துல எவ்வளவு தவிப்பு" என்று வந்தது. அதுவரை நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று நம்பினேன். பிரின்ட்டும் போட்டு வைத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து ஐயாவும் பல் மருத்துவர் அக்காவும் குழுவில் சேர்ந்தார்கள். முதல் முறை எல்லாரும் நேரில் சந்தித்தபோது, அந்தப் பிரின்ட்டை எதுவும் சொல்லாமல் அவர்களிடம் நீட்டினேன். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்த நீல டிரம்மையா எடுத்தீங்க?" என்றார். ஐயா வாங்கிப் பார்த்தார். "யாரோ டிரம்முக்குக் காவல் இருக்கிற மாதிரி இருக்கு தம்பி."

இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு பிளாஸ்டிக் டிரம். டியூப்லைட் வெளிச்சம் நேரே அதன் மேல் விழுந்திருந்தது. அந்த அம்மாவின் முகம் நிழலில் இருந்தது. நான் அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், டிரம் என் கண்ணில் பட்டதே இல்லை. கதையைப் படித்திருந்த மெடிக்கல் ஷாப் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அட, ஆமா. இது இவ்வளவு பெருசாவா இருந்துச்சு?"

அவர்கள் பாராட்டியது என் நாலு வரியை. யாரும் பொய் சொல்லவில்லை. தலைப்பையும் கதையையும் படித்த கண், அந்த முகத்தைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டது. எழுத்து முறையில் நல்ல மனசுள்ளவர்கள் மாதக்கணக்கில் பேசியும் டிரம் வெளியே வரவில்லை. கதை தெரியாத இரண்டு பேருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்றைக்குத்தான் எங்கள் விதி உருவானது. எடுத்தவர் கடைசியாகத்தான் வாய் திறக்க வேண்டும். பிரின்ட்டை மேஜையில் வைப்பார், பேசமாட்டார். எங்கே எடுத்தது, எவ்வளவு நேரம் காத்திருந்தது, எந்த லென்ஸ், எதுவும் கிடையாது. மற்ற ஆறு பேரும் முதலில் என்ன தெரிகிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். கண் முதலில் எங்கே போனது, அங்கிருந்து எங்கே நகர்ந்தது, எந்த ஓரம் வழியாகப் படத்தைவிட்டு வெளியேறியது. நல்லா இருக்கு, நல்லா இல்லை என்பதற்கு அந்தச் சுற்றில் இடமில்லை. எல்லாரும் முடித்த பிறகு அடுத்த சுற்று: எடுத்த இடத்தில் நின்றபடி என்ன செய்திருக்க முடியும்? ரெண்டடி வலப்பக்கம் நகர்ந்திருந்தால் அந்த டிரம் ஃபிரேமைவிட்டுப் போயிருக்கும். இப்படிக் காலால் செய்யக்கூடியதைச் சொன்னால், அது அடுத்த சனிக்கிழமைக்குக் கையில் எடுத்துப்போகிற சரக்கு. "வேற லென்ஸ் வாங்குங்க", "மழைக்காலத்துல எடுத்திருக்கணும்" என்பதெல்லாம் வேண்டாம் என்று வைத்திருக்கிறோம்.

மேஜையில் பிரின்ட் இருப்பதால் இரண்டு சின்ன வேலைகள் கைவந்தன. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் விவரம் மங்கி, வெளிச்சத் திட்டுகள் மட்டும் நிற்கும். படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் முகம் முகமாகத் தெரியாது, எந்தப் பக்கம் கனம் என்பது தெரியும். சந்தேகம் வந்தால் டீச்சர் உடனே திருப்பி வைத்துவிடுவார். நேரில் பேசமாட்டார் என்றேனே, அவருடைய கருத்து பாதி இந்தத் திருப்பலிலேயே வந்துவிடுகிறது. இன்னும் எழுதவும் செய்கிறார். ஞாயிறு இரவு அவருடைய பத்து வரிக்காக நான் காத்திருப்பதுண்டு.

வாங்கிக்கொள்கிற பக்கத்தையும் சொல்ல வேண்டும், அதுதான் கடினம். ஆறு பேர் தப்பாகப் புரிந்துகொண்டு பேசும்போது, "இல்லண்ணே, அது வந்து..." என்று நாக்கு நுனி வரை வரும். நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். விளக்கம் சொல்லத் தோன்றும்போதெல்லாம் அந்த விளக்கத்தை எழுதிவிடுவேன். பிறகு பார்த்தால், நான் எழுதிய ஒவ்வொரு விளக்கமும் படத்துக்குள் இருக்க வேண்டியது, இல்லாமல் போனது. 'கை' வாரத்தில் "அது குயவர் கை" என்று எழுதியிருந்தேன். ஃபிரேமில் சக்கரமும் இல்லை, மண்ணும் இல்லை, வெறும் ஈரக் கை. அடுத்த வாரம் இன்னொரு அடி பின்னால் போய் நின்றேன்.

இந்த முறைக்குச் செலவும் தொல்லையும் உண்டு. ஏழு பேருக்கு ஆளுக்குப் பத்து நிமிஷம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல், போய்வரும் நேரம் தனி. திருவிழா வாரங்களில் கூட முடியாது. சித்திரை மாதம் அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம் நாங்கள் கூடியதே இல்லை. பிரின்ட் விஷயத்திலும் அடிபட்டிருக்கிறோம். ஃபோன் கேமராவின் படம் பெரும்பாலும் 4:3 விகிதம். அதை 4x6 இன்ச் தாளில் போட்டால், குறுகிய பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். தம்பி ஒருவனுடைய படத்தில் பட்டத்தின் வால் அப்படித்தான் போனது, ஃபிரேம் சரியில்லை என்று நாங்கள் அவனைக் குறை சொன்னோம். பாவம், பேசக்கூடாது என்ற விதிக்காகக் கடைசி வரை பொறுத்திருந்தான். ஃபோன் படம் என்றால் 6x8 போடுங்கள், முழுசாக வரும். பெரும்பாலான கேமராக்களின் 3:2 படத்துக்கு 4x6 அல்லது 8x12. இன்னொன்று, பிரின்ட் போடும் லேபில் "கரெக்‌ஷன் வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், நீங்கள் வேண்டுமென்றே இருட்டாக விட்ட படத்தை மெஷின் தானாக வெளுத்துக் கொடுத்துவிடும்.

எடுத்தவர் வாய் திறக்காமல் இருப்பதற்கு நேர் எதிரான ஒரு முறையும் இருக்கிறது. அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990-இல் உருவாக்கியது. நாலு படி. பார்த்தவர்கள் தங்களை எது தொட்டது என்று சொல்வார்கள், படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார், பார்த்தவர்கள் தீர்ப்பு ஒளிந்திராத கேள்விகளைக் கேட்பார்கள், கடைசியில் படைத்தவர் அனுமதித்தால் மட்டும் அபிப்பிராயம். "ஏன் இவ்வளவு இருட்டு?" என்று கேட்கக் கூடாது, "வெளிச்சத்துக்கு என்ன யோசிச்சீங்க?" என்று கேட்க வேண்டும். இதில் எங்களுக்கு மூன்று வார அனுபவம்தான், அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். மாதக்கணக்கில் ஒரே பொருளைத் தொடர்ந்து எடுக்கிறவருக்கு, ஒரு படத்தோடு நிற்காத வேலைக்கு, இது எங்கள் முறையைவிடப் பொருந்தும் என்று படுகிறது. வாரம் ஒரு தனிப்படம் என்ற கணக்கில், எடுத்தவர் இரண்டாம் படியிலேயே தன் கேள்வியால் கதையைச் சொல்லிவிடுகிறார். எனக்கு அது இடித்தது. மெடிக்கல் ஷாப் அண்ணனுக்கு அந்த முறைதான் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் விஷயத்திலும் எனக்குத் தயக்கம் உண்டு. முதல் படத்தோடு வருகிறவரை ஆறு பேர் நடுவில் பேசாமல் உட்காரவைப்பது சிலருக்கு ரொம்பக் கனம். ஒருவர் இரண்டாவது வாரமே நின்றுவிட்டார். காரணம் இதுதானா என்று அவரிடம் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். இப்போது முதல் ஒரு மாதம் புதியவர்கள் மற்றவர்கள் படத்துக்கு மட்டும் பேசுகிறார்கள். தங்கள் படத்தை அதற்குப் பிறகுதான் வைக்கிறார்கள்.

ஒரே ஊரில் இல்லாதவர்கள் என்ன செய்வது? தம்பிகளில் ஒருவன் வேலைக்காக ஷார்ஜா போய்விட்டான், படம் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. டாக்குமென்ட்டாக அனுப்புவான், கீழே ஒரு வரிகூட இருக்காது. நாங்கள் இங்கே பிரின்ட் போட்டு, மற்றவர்கள் படத்தோடு சேர்த்து மேஜையில் வைப்போம். பேசுவதை ஃபோனில் அப்படியே பதிவு செய்து, பேசும்போது தொட்ட இடங்களில் பென்சிலால் வட்டம் போட்ட பிரின்ட்டையும் படம் பிடித்து அனுப்புகிறோம். வாய்ஸ் நோட்டில் எங்களுக்கு இல்லாமல் போன 'எந்த மூலை' இப்போது அவன் கையில் இருக்கிறது. அவன் பதில் செவ்வாய்க்கிழமை வாக்கில் வரும். போன வாரத் தலைப்பு 'ஜன்னல்'. தான் தங்கியிருக்கும் அறையின் கண்ணாடியை எடுத்திருந்தான். ஆறு பேரில் நாலு பேரின் கண், வெளியே தெரிகிற கட்டடங்களுக்குப் போகாமல், கண்ணாடியின் கீழ்மூலையில் இருந்த ஒரு விரல் ரேகைக்குப் போனது. "அதைத்தான்ணே எடுத்தேன்" என்று ஒரே வரி அனுப்பியிருந்தான்.