விஸ்க்-5 ஐக்யூ சோதனை: தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு எடுக்கலாமா?

கோலாலம்பூர் தனியார் உளவியல் மையங்களில் 6 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு எடுக்கப்படும் விஸ்க்-5, 2014இல் அமெரிக்காவில் வெளிவந்தது. எடுக்கலாம், ஆனால் ஒற்றை எண்ணோடு திரும்பி வராதீர்கள்.

மொழிப் புரிதல், வடிவங்களைக் கையாளுதல், புதுச் சிக்கலில் தர்க்கம், கேட்டதை மனத்தில் வைத்துக் கையாளும் செயல்நினைவு, வேகம் என ஐந்தையும் தனித்தனியாக அளப்பதே இதன் பலம். பத்து உபசோதனைகள், சுமார் ஒரு மணி நேரம், சராசரி 100. தர்க்கத்தில் 118, வேகத்தில் 80 எடுத்த பிள்ளைக்கும் மொத்த எண் 'சராசரி' என்றே வரக்கூடும். அதை வைத்து வகுப்பாசிரியர் எதுவும் செய்ய முடியாது. வேகத்தை அளக்கும் 'கோடிங்' பகுதியில் 2 நிமிடத்துக்குள் சின்னங்களைப் பார்த்து எழுத வேண்டும். எழுதும் கை மெதுவான பிள்ளையும், ஒவ்வொரு கோட்டையும் திருத்தமாகப் போடும் பிள்ளையும் இங்கே மதிப்பெண் இழப்பார்கள். அவர்களுக்குத் தேவை கூடுதல் தேர்வு நேரம், டியூஷன் அல்ல.

மொழிதான் பெரிய பலவீனம். வீட்டிலும் பள்ளியிலும் தமிழ் பேசும் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் சொற்பொருள் கேட்டால், அளக்கப்படுவது பெரும்பாலும் அவன் ஆங்கிலமே. சோதகர் அங்கேயே தமிழில் மாற்றிக் கேட்பதும் தீர்வாகாது. கேள்விகள் எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும். தொடர்ந்து சில தவறினால் நிறுத்திவிடுவார்கள். மொழிபெயர்ப்பில் அந்த வரிசை கலைந்து, பிள்ளை பாதியிலேயே நின்றுவிடலாம்.

எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பகுதியிலும் இதே சிக்கல். ஏறக்குறைய 2 விநாடிக்குள் சொல்ல முடிகிற அளவே மனத்தில் ஒலியாக நிற்கும் என்பது 1975இல் பிரிட்டிஷ் உளவியலாளர் ஆலன் பேட்லியின் குழு கண்டது. ஆங்கிலத்தில் 1 முதல் 9 வரை 'செவன்' தவிர எல்லாம் ஓரசை. தமிழில் எல்லாமே குறைந்தது ஈரசை. தமிழில் நினைவுகூரும் பிள்ளையை அமெரிக்கப் பிள்ளைகளின் மதிப்பெண் அட்டவணையோடு ஒப்பிட்டால், நினைவாற்றல் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியலாம். இதைக் கவனிக்காத அறிக்கையை நம்பாதீர்கள்.

பதிவு செய்யுமுன் கேளுங்கள்: எந்த மொழியில் எடுப்பார்கள், ஐந்து எண்களும் அவற்றின் பிழை வரம்பும் (உண்மையான எண் எவ்வளவு ஏறி இறங்கலாம் என்பது) அறிக்கையில் இருக்குமா, மொழி சாராத சோதனை ஒன்றும் சேர்ப்பார்களா? காலை நேரத்தையே கேட்டு வாங்குங்கள், மூக்குக்கண்ணாடியை மறக்காதீர்கள். மாதிரிக் கேள்வி பழக்க வேண்டாம். ஒரு வருடத்துக்குள் மறுபடி எடுத்தாலும் பழக்கத்தால் எண் ஏறும், குறிப்பாக வேகத்திலும் வடிவங்களிலும்.