பிள்ளையைக் கொழும்பில் காட்டுவதா, ஊர்க் கிளினிக்கில் காட்டுவதா

கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறிகிற, தங்கச்சிக்குக் கை நீட்டுகிற, ரீச்சர்மார் அடிக்கடி வீட்டுக்குக் கோல் எடுக்கிற பிள்ளை உள்ள யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு நடைமுறையில் இரண்டு வழிதான். ஒன்று, கொழும்பில் தனியார் வைத்தியசாலையொன்றில் சிறுவர் மனநல வைத்தியரைச் சனல் பண்ணிக் காட்டுவது. மற்றது, இங்கேயே அரசாங்க ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக். யாழ் போதனா, தெல்லிப்பழை, மந்திகை என்று எது கிட்டவோ அது. எங்கள் பத்து வயது மகனுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத, அளவுக்கு மீறித் துடிக்கிற நோய், அதோடு கட்டுக்கடங்காத கோபம். முதலில் கொழும்புக்குப் போய்வந்தோம், இப்போது ஊர்க் கிளினிக். நான் கிளினிக் பக்கம் சாய்ந்தவள் என்பதை மனதில் வைத்துக்கொண்டே வாசியுங்கள்.

காசுக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிளினிக் இலவசம். கொழும்பென்றால் சனல் காசு, நானூறு கிலோமீற்றர் இரவு பஸ், தங்க இடம், இவருக்கு லீவு.

கொழும்பில் நல்லதும் உண்டு. சொன்ன நேரத்துக்குக் கிட்டவாகப் பார்த்தார்கள், அறை அமைதி. பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் ஆறுதலாகக் கேட்டார்கள். நோய்க்குப் பெயர் வைத்ததும் அங்கேதான். ஆனால் எங்கள் பக்கத்துச் சனம் கொழும்புக்கு ஓடுவது இதற்காக மட்டுமில்லை. “இங்க கிளினிக் வாங்கில இருந்தால் ஆராவது கண்டு கதைப்பினம், நாளைக்கு மூத்தவளுக்கு ஒரு சம்பந்தம் பேசவேணுமெல்லோ மச்சாள்” என்று எனக்கே சொன்னார்கள். அந்தப் பயத்தை நான் பரிகசிக்கமாட்டேன். கிளினிக் நாளில் தெரிந்த முகம் கட்டாயம் வரும்.

அப்படியிருந்தும் ஊர்க் கிளினிக் என்று நான் சொல்வதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: இந்த நோயில் முதல்நாள் பார்ப்பது சின்ன வேலை, பிறகு மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வைத்தியம்.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். மகனுக்குக் கொடுப்பது மெதில்பெனிடேட், ஏடிஎச்டிக்கான மருந்து. சாதாரண வில்லை ஏறக்குறைய நாலு மணித்தியாலம்தான் நிற்கும். காலை ஏழு மணிக்குப் போட்டால் பதினொரு மணிக்கு இறங்கிவிடும், பள்ளிக்கூடம் விடுவதோ ஒன்றரைக்கு. அடிதடி எல்லாம் அந்த இடைவெளியில்தான் நடந்தது. இதைக் கண்டுபிடித்தது டொக்டருமில்லை, நானுமில்லை, வகுப்பு ரீச்சர். கிளினிக்கில் ஒரு தாளைத் தந்து, பாடம் பாடமாக அவன் எப்படி இருக்கிறான் என்று அவரைக் குறிக்கச் சொன்னார்கள். முதல் மூன்று பாடத்துக்கும் சரி அடையாளம், பிறகு வரிசையாகப் பிழை. அடுத்த கிளினிக்கில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இன்ரவலுக்கு இன்னொரு வில்லை என்று எழுதினார்கள். அதை ரீச்சர்தான் எடுத்துக் கொடுக்கிறார்.

கொழும்பில் காட்டிய காலத்தில் இது நடந்திருக்காது, ஏனென்றால் பள்ளிக்கூடத்துக்கே நாங்கள் சொல்லவில்லை. ஒளித்து வைப்பதற்காகத்தானே அவ்வளவு தூரம் போனது! ரீச்சருக்குத் தெரியாத மருந்துக்கு அளவு கூட்டிக் குறைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலை.

பக்கவிளைவும் அப்படித்தான். மெதில்பெனிடேட் பசியைக் குறைக்கும். மத்தியானச் சோறு அப்படியே கோப்பையில் கிடக்கும். கோபத்துக்கு ரிஸ்பெரிடோன் என்கிற மருந்தைச் சேர்த்தால் மறுவளம், பசி கூடி நிறை ஏறும். நிறை, உயரம், நாடித்துடிப்பு, பிரஷர் என்று ஒழுங்காகப் பார்த்துக் கொப்பியில் எழுத ஒரு இடம் வேண்டும். அதைவிட, எங்களுக்கும் சேர்த்துத்தான் அங்கே வைத்தியம்: கத்தாமல் ஒரே வசனத்தில் சொல்வது, அடங்கிய உடனே பாராட்டுவது, அப்பாவும் அம்மாவும் ஒரே சொல்லில் நிற்பது. இதெல்லாம் ஒரு தரம் கேட்டுப் பழகுகிற விஷயமில்லை. பிள்ளையோடு அவனுடைய தமிழில் கதைக்க ஆள் இருப்பதும் இங்கேதான் சுலபம்.

கிளினிக்கின் குறையையும் மறைக்கக்கூடாது. விடியவே போய் நம்பர் எடுக்கவேண்டும், ஓடித் திரிகிற பிள்ளையை அந்த வாங்கில் இருத்தி வைப்பது தனிப் போராட்டம். இடமாற்றத்தில் டொக்டர் மாறுவார், கதையைத் திரும்பத் தொடக்கத்திலிருந்து சொல்லவேண்டும். மருந்து சிலவேளை வெளியே வாங்கச் சொல்வார்கள், இதுவோ எல்லாப் பார்மசியிலும் கிடைக்கிற வில்லையில்லை.

கோயில், நூல், பார்வை பார்ப்பது பற்றிக் கேட்பீர்கள். சந்நிதியானிடம் நாங்களும் போகிறோம். மருந்தை நிப்பாட்டச் சொல்கிற ஆளிடம் மட்டும் போவதில்லை.

வாட்டில் வைத்துப் பார்க்கவேண்டிய நிலை எங்களுக்கு வரவில்லை, ஆகவே அதில் எது திறம் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. இல்லாத குரல் கேட்கிற, சாகப்போகிறேன் என்கிற பிள்ளைக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. உடனே கிட்டிய ஆஸ்பத்திரி, வழி தெரியாவிட்டால் மனநல உதவிக்கான தொலைபேசி இலக்கம் 1926 க்கு எந்நேரமும் எடுக்கலாம். தோட்டத்து மருந்துப் போத்தலையும் பனடோலையும் அன்றைக்கே பூட்டி வையுங்கள்.

கிளினிக் டொக்டரே கடிதம் தந்து கொழும்புக்கு அனுப்பினால் யோசிக்காமல் போங்கள். அங்கே தருகிற பதிலை மட்டும் கொண்டுவந்து கிளினிக் கொப்பியில் ஒட்டிவிடுங்கள், அடுத்த முறை இருக்கப்போவது புது டொக்டராகவும் இருக்கலாம்.