நீச்சல் குளத்தில் பந்தயமா, கூட்டு விளையாட்டா?

களியக்காவிளைப் பக்கம் பிள்ளைகளை நீச்சலுக்குச் சேர்க்க இரண்டு இடங்கள் பார்த்தோம். ஒன்றில் எல்லாமே பந்தயம், எதிர்ச்சுவரை யார் முதலில் தொடுவது, யார் அதிக நேரம் முங்கிக் கிடப்பது என்று. இன்னொன்றில் கூட்டு விளையாட்டுகள். இரண்டாவதில்தான் சேர்த்தோம், அதனால் என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

பந்தயத்தில் வேகம் வரும், கால் உதைப்பு பலமாகும். சரி, அதில் தகராறு இல்லை.

எனக்கு முடிவைச் சொன்னது மூச்சுதான். பயந்த பிள்ளை மூச்சைப் பிடித்து, உடம்பை விறைத்து, தலையைத் தூக்கும். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே போகும். முந்த வேண்டும் என்ற பதற்றம் இதைக் கூட்டத்தான் செய்யும். கூட்டு விளையாட்டில் நெஞ்சளவுத் தண்ணீரில் எல்லோரும் வட்டமாக ஒரே திசையில் நடக்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் தண்ணீரே சுழல ஆரம்பித்துவிடும், அப்போது மல்லாந்து படுத்தால் அந்த ஓட்டமே பிள்ளையைச் சுமந்து போகும். அப்புறம் ஒரு பந்தைக் கை படாமல் எல்லோரும் ஊதி ஊதியே அக்கரை சேர்க்க வேண்டும். வாய் தண்ணீர் மட்டத்திலேயே இருப்பதால் மூச்சை வெளியே விடும் பழக்கம் சொல்லிக்கொடுக்காமலே வருகிறது. என் மகள் முகம் நனைத்ததே இந்தப் பந்துக்காகத்தான்.

முங்கிக் கிடக்கும் போட்டி ஆபத்தும்கூட. வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டு முங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும், மூச்சு முட்டும் உணர்வு வருவதற்கு முன்பே பிள்ளை உள்ளேயே மயங்கிவிடலாம்.

கரையில் படுத்தபடி கயிறு எறிந்து கூட்டாளியை இழுக்கும் விளையாட்டும் உண்டு. குளமும் குழித்துறை ஆறும் பக்கத்திலேயே இருக்கிற நம் ஊருக்கு இதுதான் முக்கியம் என்பேன், ஒருவன் தண்ணீரில் மூழ்கினால் காப்பாற்ற இன்னொருவனும் குதித்து, அவனும் மாட்டிக்கொள்கிறான் அல்லவா.

குறையும் இருக்கிறது. கூட்டத்தில் அடுத்தவர் கையைப் பிடித்தே ஒரு பிள்ளை ஒப்பேற்றிவிடலாம், அதனால் ஒவ்வொருவரையும் தனியாக மிதக்கவிட்டுப் பார்க்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கைவீச்சு திருத்தமாக வர தனிப் பயிற்சியும் வேண்டும். நான் பார்த்ததெல்லாம் சின்னப் பிள்ளைகளைத்தான், பத்துப் பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கு இது சலிக்கலாம். எங்கள் பெரியவனே இப்போது சுவர் தொடும் பந்தயம் கேட்கிறான். அதற்கும் விடலாம் என்றிருக்கிறேன், முங்கிக் கிடக்கும் போட்டிக்கு மட்டும் இல்லை.